புகுஷிமா, ஓடாக்காவில் பழைய மரவீடு: எங்கே அளப்பது, எதைச் சாப்பிடாமல் விடுவது?

நெய்தல் (கேள்வி)

வணக்கம். நமியேயில் வேலை என்பதால் மினாமிசோமா நகரின் ஓடாக்கா பகுதியில் பழைய மரவீடு ஒன்றை வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைச் சுற்றிய 20 கி.மீ. வட்டத்துக்குள் வரும் இடம். 2016 ஜூலையில் வெளியேற்ற உத்தரவு நீக்கப்பட்டது. வீட்டுக்குப் பின்புறம் மூங்கில் தோப்பு, அதை ஒட்டிக் காடு மேடேறிப் போகிறது. முற்றத்தில் ஒரு பெர்சிமன் மரம். குளிருக்கு விறகு அடுப்பு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு 4 வயதுக் குழந்தை இருக்கிறது.

"ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது" என்பவர்களும் "அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே" என்பவர்களும் எழுதியதைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் படித்துவிட்டேன். இரண்டிலுமே அளவு என்று ஒன்றும் இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டையும் முற்றத்தையும் மீட்டர் வைத்து அளப்பதென்றால் எந்த இடத்தில், எப்படி? வரும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? உணவில் எதை உண்மையாகவே தவிர்க்க வேண்டும்?

துகள்மானி

முதலில் எண்ணைப் பார்ப்போம், அப்புறம் மீட்டர்.

2011 மார்ச் விபத்தில் தரையில் படிந்த கதிரியக்கச் சீசியம்-134, சீசியம்-137 இரண்டும் பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவது) கணக்கில் ஏறக்குறையச் சமம். 134-இன் அரை ஆயுள் 2 ஆண்டு, 137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு. பெக்கரலுக்குப் பெக்கரல் 134 வீசும் காமா அதிகம் என்பதால், தொடக்கத்தில் காற்றில் அளந்த வீச்சில் பெரும்பங்கு அதனுடையது. முதல் பத்தாண்டில் அளவு சரசரவென்று இறங்கியதற்குப் பெரிய காரணம் இதுதான். மழை கழுவியதும், மண்ணை வழித்தெடுத்ததும் அதோடு சேர்ந்துகொண்டன. 15 ஆண்டு கழித்து 134 நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. 137-இல் 70 விழுக்காடு அப்படியே இருக்கிறது. இனி இயற்கைச் சிதைவால் குறைவது ஆண்டுக்கு 2.3 விழுக்காடுதான். "இவ்வளவு குறைந்ததே, இன்னும் ஐந்து வருடத்தில் பாதியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜப்பானில் எல்லோர் வாயிலும் வரும் எண் மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு). இதைப் பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் இடையே போட்ட கோடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் கூடுதல் என்ற இலக்கைத் திருப்பிப் போட்டு எடுத்த எண். ஒருவர் தினம் 8 மணி நேரம் வெளியில், 16 மணி நேரம் மரவீட்டுக்குள் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். மரவீட்டுக்குள் வெளி அளவில் 0.4 பங்குதான் வரும் என்று கணக்கு. 0.19-ஐ (8 + 16 × 0.4) ஆல் பெருக்கி, 365 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,000 மைக்ரோசீவர்ட், அதாவது 1 மில்லிசீவர்ட். அதோடு இயற்கையாகத் தரையிலிருந்து வரும் 0.04 சேர்த்தால் 0.23. உங்கள் முற்றம் 0.10 காட்டினால், 0.04-ஐக் கழித்து 0.06 × 14.4 × 365 போடுங்கள். ஆண்டுக்கு 0.3 மில்லிசீவர்ட் கூடுதல் என்று வரும். மக்களைத் திரும்ப அனுமதிக்க அரசு வைத்த வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். ஆக 20, 1 என்று இரண்டு எண்கள் புழங்குகின்றன. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல் யாரோடும் வாதாடாதீர்கள்.

மீட்டர் விஷயம். மலிவான சின்ன கைகர் மீட்டர் இந்த அளவுக்கு உதவாது. 0.1 மைக்ரோசீவர்ட்டில் அது நிமிடத்துக்கு 15, 20 துடிப்புதான் எண்ணும். 16 எண்ணினால் பிழை 4. அதாவது நிமிடத்துக்கு நிமிடம் கால்பங்கு ஏறும், இறங்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்தவர்களும் நிம்மதியடைந்தவர்களும் ஏராளம். சோடியம் அயோடைடு அல்லது சீசியம் அயோடைடு படிகம் வைத்த சிண்டிலேஷன் மீட்டரை எடுங்கள். அந்தப் பகுதியில் பல நகராட்சிகள் குடியிருப்போருக்கு மீட்டர் இரவல் தந்திருக்கின்றன, வாங்கும் முன் அங்கே கேளுங்கள். கைகர் மீட்டர்தான் கிடைத்தது என்றால், முன்பக்கச் சாளரத்தின் மூடியைக் கழற்றாமல் அளங்கள். கழற்றினால் பீட்டாவையும் சேர்த்து எண்ணி, சீவர்ட் கணக்கில் இல்லாத உயரத்தைக் காட்டும்.

மீட்டரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சேறு ஒட்டினால் அதன் பிறகு எடுக்கும் எல்லா அளவும் கெட்டுப்போகும். மழை பெய்யும்போதும், நின்று இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்ளும் அளக்காதீர்கள். காற்றிலுள்ள ரேடானின் வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 மழையோடு தரைக்கு வந்து, எந்த ஊரிலும் அளவை ஏற்றிவிடும். அரை மணிக்குள் அரை ஆயுள் முடியும் ரகம், தானே இறங்கிவிடும். "நேற்று ராத்திரி அளவு ஏறியது, உலையில் ஏதோ நடந்திருக்கிறது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த மழைதான்.

ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் நிலைக்க ஒரு நிமிடமாவது கொடுத்து, ஐந்து அளவு எடுத்துச் சராசரி போடுங்கள். பெரியவர்களுக்குத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம், உங்கள் குழந்தைக்கு 50 செ.மீ. அதே இடத்தில் தரையிலிருந்து 1 செ.மீ. உயரத்திலும் எடுங்கள். இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான் முழு வேலையின் சாரம். 1 செ.மீ.யில் பல மடங்கு ஏறினால் மாசு அந்த இடத்திலேயே கிடக்கிறது, வழித்து எடுத்தால் தீரும். கீழும் மேலும் ஒரே அளவு, அல்லது மேலே கூடுதல் என்றால் வீச்சு தூரத்திலிருந்து வருகிறது. உங்கள் வீட்டில் அது பின்புறச் சரிவுக் காடாக இருக்கும். அப்போது முற்றத்து மண்ணை எவ்வளவு வழித்தாலும் பயன் குறைவு. மாடி இருந்தால் காட்டைப் பார்த்த மாடி அறையைக் கட்டாயம் அளங்கள். தரைத்தள அறையைவிட அது கூடுதலாகக் காட்டுவது இப்பகுதி மரவீடுகளில் அடிக்கடி காண்பது. குழந்தை தூங்கும் அறையைத் தேர்ந்தெடுக்க இந்த ஓர் அளவே போதும்.

சீசியம் தண்ணீரோடு ஓடி, களிமண்ணைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். இலைட், வெர்மிகுலைட் போன்ற களித் தாதுக்களின் அடுக்கு ஓரங்களில் புகுந்தால் லேசில் வெளியே வராது. உழாத நிலத்தில் மேல் 5 செ.மீ.யிலேயே பெரும்பகுதி நிற்பதற்கும், மாசு நீக்கத்தில் 5 செ.மீ. மண்ணை வழித்ததற்கும் காரணம் இதுதான். ஆகவே தண்ணீர் வண்டலை இறக்கிவைக்கும் இடங்களைத் தேடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய், இறவாரத்துக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்து குழிந்த கோடு, மழைநீர்க் கால்வாயின் வளைவு, கார் நிறுத்தும் சிமென்டுத் தரையின் மூலை, பாசி பிடித்த கல், மரத்தடி. முற்றத்தின் நடுவில் 0.10 இருக்கும்போது குழாய் வாயில் 1-க்கு மேல் காட்டினால் வியக்க வேண்டாம்.

அப்படி ஓர் இடம் அகப்பட்டால் நீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். மாசு அழியாது, கால்வாய்க்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். மண்ணை ஈரமாக்கி, கையுறையும் முகக்கவசமும் போட்டு, வழித்துப் பையில் கட்டி, குழந்தை போகாத மூலையில் வையுங்கள். பிறகு நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவுக்குச் சொல்லுங்கள். வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது.

ஊரில் வெள்ளையாக நிற்கும் கண்காணிப்புக் கம்பங்களின் எண்ணை உங்கள் வீட்டு எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை பெரும்பாலும் பள்ளி, பூங்கா, அலுவலகம் போன்ற, முதலில் மாசு நீக்கிய நிலத்தில் நிற்பவை. ஹெலிகாப்டர் அளவீட்டு வரைபடம் பல நூறு மீட்டர் பரப்பின் சராசரி. கார் அளவீடு தார்ச் சாலையின் அளவு, சாலையை மழை கழுவிவிடும். மூன்றும் நேர்மையான அளவுகள்தான். உங்கள் இறவாரத்தைப் பற்றி மூன்றும் எதுவும் சொல்லவில்லை.

செந்நெல்

சகோதரி, உணவைப் பற்றி நான் சொல்கிறேன். கடையில் வாங்குவதற்கும் காட்டில் பறிப்பதற்கும் நடுவே தடித்த கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

2012 ஏப்ரல் முதல் ஜப்பானில் வரம்பு: பொது உணவு கிலோவுக்கு 100 பெக்கரல், பாலும் குழந்தை உணவும் 50, குடிநீர் 10. இது சீசியம் இரண்டும் சேர்ந்த கணக்கு. அதற்கு முந்தைய தற்காலிக வரம்பு பொது உணவுக்கு 500. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. சீசியம்-137 ஒரு பெக்கரல் வயிற்றுக்குள் போனால் பெரியவருக்கு 0.000013 மில்லிசீவர்ட். வருடம் 60 கிலோ அரிசி, அத்தனையும் வரம்பைத் தொட்டு 100 பெக்கரல் என்றே வைத்தாலும் 0.08 மில்லிசீவர்ட் வரும். புகுஷிமா அரிசி அதன் அருகில்கூட இல்லை. 2012-இலிருந்து மாவட்டத்து அரிசியை மூட்டை விடாமல், ஆண்டுக்கு ஒரு கோடி மூட்டை அளவில் அளந்தார்கள். 2015 அறுவடையிலிருந்து வரம்பைத் தாண்டிய மூட்டை வரவில்லை.

அது தானாக நடந்ததல்ல, அதை உழவர்களின் உழைப்பு என்றே சொல்ல வேண்டும். பயிரின் வேர் சீசியத்தையும் பொட்டாசியத்தையும் ஒரே வாசல் வழியாக உறிஞ்சும். மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் சீசியம் உள்ளே போகும். 100 கிராம் உலர்மண்ணுக்குப் பரிமாற்றப் பொட்டாஷ் 25 மி.கி.க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று வகுத்து, வயல் வயலாகப் பொட்டாஷ் போட்டார்கள். உங்கள் முற்றத்தில் காய்கறி போடுவதானாலும் இதே விதிதான். மண் பரிசோதனையில் பொட்டாஷ் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீசியம் எவ்வளவு கிடக்கிறது என்பதைவிடப் பயிர் எவ்வளவு உறிஞ்சும் என்பதை இந்த எண் நன்றாகச் சொல்லும். காட்டுச் சருகை அள்ளிவந்து மட்காக்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உரத்துக்கும் மட்குக்கும் வரம்பு கிலோவுக்கு 400 பெக்கரல். காட்டுச் சருகு அதைத் தாண்டுவது எளிது.

இப்போது காடு. புகுஷிமா மாவட்டத்தில் 70 விழுக்காடு காடு. மாசு நீக்கம் நடந்தது வீடுகளை ஒட்டிய 20 மீட்டர் விளிம்பில் மட்டும். அதற்கு மேல் ஏறினால் 2011-இல் விழுந்தது அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது: சருகு, மட்கு, வேர், இலை, மறுபடி சருகு. வயலில் களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காட்டில் இந்தச் சுழற்சி அப்படிப் பிடித்துவைக்க விடமாட்டேன் என்கிறது. அதனால் தவிர்க்க வேண்டிய பட்டியல் தெளிவானது. காட்டுக் காளான் எதுவும். வசந்தத்தில் துளிர்க்கும் கோஷியாபுரா, இது எல்லாவற்றையும் விட மோசமாக உறிஞ்சும். தாராநொமே, ஸென்மாய் போன்ற மலைக்கீரைகள். காட்டுப்பன்றி இறைச்சி. மலையோடையில் பிடிக்கும் யமமே, இவானா மீன்கள். நன்னீர் மீன் உடம்பிலுள்ள உப்பை விடாமல் சேர்த்து வைக்கும் என்பதால் சீசியமும் தங்கும். கடல்மீன் உப்பை ஓயாமல் வெளியேற்றும், சீசியமும் கூடவே போய்விடும்.

உங்கள் வீட்டில் மூங்கில் தோப்பு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மூங்கில் குருத்து இந்தப் பகுதியில் விற்பனைக் கட்டுப்பாட்டுக்கு உள்ளான பொருள். பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு கொண்டுவந்து கொடுப்பார். வாங்கிக்கொண்டு, அளந்துவிட்டுச் சமையுங்கள். பெர்சிமனும் அப்படியே. 2011-இல் மரப்பட்டையில் படிந்தது பட்டை வழியாகவே உள்ளே போனது. தாதே பகுதி உழவர்கள் அந்தக் குளிர்காலத்திலேயே ஒவ்வொரு மரத்துக்கும் உயரழுத்த நீர் அடித்துப் பட்டையை உரித்தார்கள். வீட்டு முற்றத்து மரத்துக்கு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். பழமாகத் தின்றால் குறைவாக இருப்பது, காயவைத்தால் நீர் வற்றி, கிலோ கணக்கில் நாலைந்து மடங்காகும். காளானைக் காயவைத்தாலும் இதுதான் கதை.

அளப்பது எப்படி: வீட்டுத் தேவைக்கு விளைந்ததையும் பறித்ததையும் அளந்து கொடுக்கும் சேவையை இப்பகுதி நகராட்சிகள் நடத்தி வந்திருக்கின்றன. பழைய முறைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வேண்டும். நன்றாகக் கழுவி, மண் போக்கி, பொடிப்பொடியாக நறுக்கி, பாத்திரத்தில் இடைவெளி இல்லாமல் அடைத்துக் கொடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மண் முழு அளவையும் ஏற்றிவிடும். நறுக்காமலே அளக்கும் கருவிகளும் இருக்கின்றன.

கையில் வரும் தாளில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அதன் பக்கத்தில் உள்ள கண்டறிவு எல்லையைப் படியுங்கள். 25-க்குக் கீழ் என்பதும் 1-க்குக் கீழ் என்பதும் ஒன்றல்ல. இன்னொன்று, 137 இல்லை, 134 மட்டும் 15 பெக்கரல் என்று வந்தால் அது தவறான அளவு. 134 இன்று 137-இல் நூற்றில் ஒரு பங்குதான் இருக்க முடியும். பிஸ்மத்-214-இன் 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டைச் சோடியம் அயோடைடு கருவி 134-இன் 605 என்று குழப்பிக்கொள்ளும். ஜெர்மேனியம் கருவியில் திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

தெரியாமல் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டாம். கிலோவுக்கு 1,000 பெக்கரல் உள்ள காளானை 100 கிராம் தின்றால் பெரியவருக்கு 0.0013 மில்லிசீவர்ட். பெரியவர் உடம்பில் புகுந்ததில் பாதி ஏறத்தாழ 100 நாளில் வெளியேறும், சின்னக் குழந்தைக்கு அதைவிட வெகு விரைவில். கவலைப்பட வேண்டியது ஒருநாள் விருந்துக்கு அல்ல, ஒவ்வொரு பருவத்திலும் காட்டுப் பொருளையே உண்ணும் வழக்கத்துக்கு.

நெய்தல்

இருவருக்கும் மிக்க நன்றி. இறவாரத்துக் கோட்டை நினைத்தே பார்க்கவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். சுத்திகரித்த தண்ணீரைக் கடலில் விடுகிறார்களே, அங்கே பிடித்த மீனை இந்த மீட்டரை வைத்துப் பார்க்கலாமா? அப்புறம், மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்தால் உலையிலிருந்து எங்களுக்கு என்ன வரலாம்? அயோடின் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

உலைப்பொறி

மீனின் மேல் மீட்டரை வைப்பதில் பயனில்லை. அந்தத் தண்ணீரில் மிஞ்சும் டிரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) வீசும் பீட்டாவுக்கு வலு மிகக் குறைவு, மீட்டரின் சாளரத்தைக்கூடத் தாண்டாது. நீரைக் காய்ச்சி வடித்து, மினுங்கும் திரவத்தோடு கலந்து, ஆய்வகத்தில் எண்ண வேண்டிய பொருள் அது. மீனில் உள்ள சீசியமும் கையில் பிடிக்கும் மீட்டருக்குச் சிக்காது. கிலோவுக்கு 100 பெக்கரல் உள்ள மீனைச் சுற்றுப்புற வீச்சிலிருந்து பிரித்துக் காட்டும் வலு அதற்கு இல்லை.

தண்ணீர் ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1, 2, 3 உலைகளில் உருகிய எரிபொருளும் அதோடு கலந்த உலோகமும் கான்கிரீட்டும் சேர்ந்து சுமார் 880 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதன்மேல் நீர் விட வேண்டும். மலைப்பக்கத்து நிலத்தடி நீரும் மழையும் உடைந்த கட்டடத்துக்குள் புகுந்து அதோடு சேர்கின்றன. 2014 வாக்கில் நாளுக்கு 540 கனமீட்டர் அளவில் மாசு நீர் உருவானது. கட்டடங்களைச் சுற்றி 1.5 கி.மீ. நீளம், 30 மீட்டர் ஆழம் மண்ணை உறையவைத்த பனிச்சுவர், மேல்நிலத்தில் பூச்சு, கிணறுகளில் இறைப்பு எல்லாம் சேர்ந்து அதை 80 கனமீட்டர் அளவுக்கு இறக்கியிருக்கின்றன. குறைந்தது. நிற்கவில்லை. உருகியது உள்ளே இருக்கும்வரை நிற்காது.

கடலில் விடுவது 2023 ஆகஸ்ட் 24 அன்று தொடங்கியது. ஆல்ப்ஸ் (ALPS) என்ற சுத்திகரிப்புக் கருவித்தொகுதி டிரிடியம் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடும். தொட்டிகளில் கலக்கி, அளந்து, கடல்நீரை 100 மடங்குக்கு மேல் சேர்த்து, டிரிடியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவந்து, 1 கி.மீ. கடலடிச் சுரங்கம் வழியாக விடுகிறார்கள். ஒரு தவணை சுமார் 7,800 டன். ஜப்பானின் சட்ட வரம்பு 60,000, உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு 10,000. ஆண்டு மொத்தம் 22 டிரில்லியன் பெக்கரலைத் தாண்டக் கூடாது. விபத்துக்கு முன் நிலையம் ஓடியபோதும் இதே வரம்புதான். விடும் வாய்க்கு அருகே கடல்நீர் 700-ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். 2025 ஜூலையில் கம்சட்கா நிலநடுக்கத்துக்குச் சுனாமி எச்சரிக்கை வந்தபோதும் நிறுத்தினார்கள்.

மீனைப் பொறுத்தவரை என் கவலை டிரிடியம் இல்லை, நிலையத்தின் துறைமுகத்துக்குள் தேங்கியிருக்கும் சீசியம். 2023 மே மாதம் அதற்குள் பிடித்த கருப்புப் பாறைமீன் ஒன்றில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் இருந்தது. மீன் வெளியே போகாமல் வலை கட்டியிருக்கிறார்கள். 2022 தொடக்கத்தில் வடக்கே வெளிக்கடலில் பிடித்த அதே வகை மீனில் 1,400 வந்து, அந்த இனத்தின் விற்பனையை நிறுத்தினார்கள். மீனவர் கூட்டுறவுகள் தமக்கென்று அரசு வரம்பில் பாதியை, அதாவது 50 பெக்கரலை வைத்துக்கொண்டு இறங்குதுறையிலேயே அளக்கின்றன. கடையில் வரும் மீனை வாங்கலாம். துறைமுகத்துக்கு அருகே தூண்டில் போட்டு, அளக்காத பாறைமீனைக் கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நிலநடுக்கம். அயோடின் மாத்திரை இந்த நிலையத்துக்குப் பயன்படாது. அது தைராய்டை அயோடின்-131 இடமிருந்து காக்க மட்டுமே. அதன் அரை ஆயுள் 8 நாள். 2011-இல் நின்ற உலைகளில் அது எப்போதோ தீர்ந்துபோனது. இன்று கவலை சீசியமும் ஸ்ட்ரான்சியமும் கலந்த தூசி. அதற்கு வழி வீட்டுக்குள் இருப்பது, சன்னலையும் காற்றுப் போக்கியையும் அடைப்பது, முகக்கவசம், வெளியே போட்ட உடையை வாசலிலேயே கழற்றுவது, நகராட்சி அறிவிப்பைக் கேட்பது.

எரிபொருளின் வெப்பம் 2011-ஐப் பார்க்க மிகச் சிறியது. குளிர்விப்பு நின்றாலும் நிலைமை மணிக்கணக்கில் கைமீறாது, நாட்கணக்கில் அவகாசம் உண்டு. அன்று நடந்தது போன்ற உருகல் மறுபடி நடக்க அங்கே வெப்பம் இல்லை. இருக்கும் பலவீனம் வேறு. 1-ஆம் உலையின் கலத்தைத் தாங்கும் பீடத்துக்குள் 2023 மார்ச்சில் ரோபோவை அனுப்பினார்கள். உட்சுவரின் அடிப்பகுதியில் கான்கிரீட் கரைந்துபோய்க் கம்பிகள் வெளியே தெரிந்தன. எரிபொருளை நீரில் மூழ்க வைக்கும் குளங்கள் இன்னொன்று: 1-ஆம் உலையின் குளத்தில் 392, 2-ஆம் உலையின் குளத்தில் 615 எரிபொருள் கட்டுகள். 3, 4-ஆம் உலைக் குளங்களைக் காலி செய்துவிட்டார்கள், அது பெரிய நிம்மதி. உருகியதில் இதுவரை எடுத்தது 2024 நவம்பரில் 0.7 கிராம், 2025 ஏப்ரலில் 0.2 கிராம், இரண்டும் 2-ஆம் உலையிலிருந்து. 3-ஆம் உலையில் பெருமளவில் எடுப்பது 2037-க்கு முன் தொடங்காது என்று நிலையத்தின் உரிமையாளரான டெப்கோ நிறுவனமே சொல்லிவிட்டது. 2051-க்குள் எல்லாம் முடியும் என்ற பழைய இலக்கை வைத்து உங்கள் வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள்.

துகள்மானி

உலைப்பொறி அண்ணா, ஒரு திருத்தம். "டிரிடியம் தவிர எல்லாவற்றையும்" என்ற வாசகம் சரியில்லை, அந்த வாசகத்தால் ஏற்கெனவே ஒரு முறை நம்பிக்கை கெட்டது. ஆல்ப்ஸ் 62 கதிரியக்க அணுவகைகளை வரம்புக்குக் கீழே இறக்க வடிவமைத்தது. கார்பன்-14 அந்த 62-இல் இல்லை, அது நீரில் தங்கும். அதோடு, தொட்டிகளில் சேர்த்து வைத்த நீரில் பெரும்பகுதி ஸ்ட்ரான்சியம்-90 உள்ளிட்ட மற்றவற்றிலும் வரம்பைத் தாண்டியிருந்தது 2018-இல் பரவலாகத் தெரிய வந்தது. தொடக்க ஆண்டுகளில் வேகமாகச் சுத்திகரிக்கும் அவசரத்தில் உறிஞ்சிகளை மாற்றும் இடைவெளியை நீட்டியது ஒரு காரணம். இப்போது விடுமுன் ஒவ்வொரு தொகுதியிலும் டிரிடியம் அல்லாத எல்லாவற்றின் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்டி, கூட்டுத்தொகை 1-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வராவிட்டால் மறுபடி சுத்திகரிப்பு. சர்வதேச அணுசக்தி முகமையும் தனியாக அளக்கிறது. இன்று விடப்படும் நீரின் எண்களில் எனக்குப் பிணக்கு இல்லை. எளிமையாகச் சொல்கிறேன் என்று உண்மையை வெட்டினால், பிறகு சரியான எண்ணைச் சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உலைப்பொறி

சரிதான் தம்பி, திருத்திக்கொள்கிறேன். இதே இனத்தில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். 2-ஆம் உலைக் கூரையில் விழுந்த மழைநீர் மாசோடு வடிகால் வழியாக வெளிக்கடலுக்குப் போனது 2015 பிப்ரவரியில்தான் வெளியே சொல்லப்பட்டது. 2024 பிப்ரவரியில் சீசியம் உறிஞ்சும் கருவியைக் கழுவியபோது, மூடியிருக்க வேண்டிய 16 கைவால்வுகளில் 10 திறந்தபடி இருந்து, மாசு நீர் காற்றுப் போக்கி வழியாக வெளியே கொட்டியது. அளவு சிறிது, வளாகத்துக்குள்ளேயே மண்ணை அள்ளிவிட்டார்கள். ஆனால் இனி வரும் பல பத்தாண்டுகளில் அங்கே நடக்கக்கூடிய கோளாறுகளின் முகம் இதுதான்: வெடிப்பு இல்லை, வால்வு, குழாய், களைத்த ஆட்கள், தாமதமான அறிவிப்பு.

செந்நெல்

விறகு அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதுதான் உங்கள் வீட்டில் நான் முதலில் நிறுத்தும் பொருள்.

மரம் எரிந்தால் சீசியம் புகையாகப் போவதைவிடச் சாம்பலில் தங்குவது அதிகம். விறகின் எடை நூறில் ஒன்றுக்கும் கீழே சாம்பலாகிறது, சீசியம் அத்தனையும் அந்தச் சின்ன அளவில் சேர்கிறது. ஏறத்தாழ 200 மடங்கு செறிவு. இதை வைத்துத்தான் சமையல், அடுப்பு விறகுக்குக் கிலோவுக்கு 40 பெக்கரல், கரிக்கு 280 என்று வழிகாட்டு அளவு வகுத்தார்கள். 40 பெக்கரல் விறகின் சாம்பல் 8,000-ஐத் தொடும். 8,000-க்கு மேற்பட்டதைத் தனிவகைக் கழிவாகக் கையாள வேண்டும் என்பது சட்டம். பின்புறக் காட்டில் வெட்டிய விறகு 40-க்குள் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளி மாவட்டத்து விறகு, அளந்த சான்றோடு வாங்குங்கள். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறிவிடுங்கள். பழைய குடியிருப்போர் விட்டுச்சென்ற சாம்பல் வாளியோ, அடுப்படியில் படிந்த சாம்பலோ இருந்தால் விசிறாமல், பெருக்காமல், ஈரத்துணியால் எடுத்துப் பையில் கட்டி நகராட்சியிடம் கேளுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் சாம்பலைச் செடிக்குப் போட்டுவிடாதீர்கள். பாத்திரமும் தேய்க்காதீர்கள்.

நெய்தல்

அடுப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது ஏதாவது உண்டா?

துகள்மானி

உண்டு. மாசு நீக்கிய ஒவ்வொரு மனைக்கும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை உரிமையாளருக்குத் தாளாகக் கொடுத்திருக்கிறார்கள். மனையின் வரைபடமும், அளந்த புள்ளிகளும், 1 மீட்டர், 1 செ.மீ. அளவுகளும் அதில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தேதியைப் பாருங்கள். எந்தப் புள்ளியில் வேலைக்குப் பிறகும் எண் சரியாக இறங்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது காட்டுப் பக்க மூலையாகவோ கூரைக் குழாயாகவோ இருக்கும். மழை பெய்து இரண்டு நாள் கழித்து மீட்டரோடு போய் அதே புள்ளிகளில் திரும்ப அளங்கள். வீடு பல ஆண்டு பூட்டிக் கிடந்திருந்தால் கூரைக் கால்வாயில் வண்டலும் பாசியும் சேர்ந்திருக்கும். குடியேறும் முன் அதை வழித்துத் தரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரா, மலையோடை நீரா, கிணறா என்று கேளுங்கள். குழாய் நீர் அடிக்கடி அளக்கப்படுகிறது, சீசியம் களியோடு ஒட்டி வடிகட்டியிலேயே நின்றுவிடும். ஓடை நீரைக் குழாய் போட்டு நேராக எடுக்கும் வீடு என்றால், கனமழைக்குப் பின் கலங்கலாக வரும் நாட்களில் அதைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். கலங்கலில்தான் களி வரும். நீரை ஒரு முறை நகராட்சியில் கொடுத்து அளந்துகொள்ளுங்கள், கண்டறிவு எல்லை லிட்டருக்கு 1 பெக்கரலோ அதற்குக் கீழோ இருக்கட்டும்.